உட்காரும் வேலை

மார்ச் 3, செவ்வாய்

இன்று முழுக்க உட்கார்ந்தேன். உட்கார்ந்ததற்குச் சம்பளம் உண்டு. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆயுசு பூராவும் ஒரு பெரிய ஹோட்டல் வாசலில் நின்று கதவு திறந்துவிட்டவன் நான். அங்கே உட்கார்ந்தால் வேலை போய்விடும். இங்கே கொஞ்சம் நின்றால், "என்ன பெரியவரே, வேலையைப் பாக்காம நிக்கிறீங்க?" என்கிறார் தச்சர்.

மரச்சாமான் வடிவமைக்கும் குழு இது. தனியாக வாழும் வயசானவர்களுக்கென்று ஒரு குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள். அங்கே அறைக்கு ஒரு நாற்காலி செய்து கொடுக்க வேண்டும். எப்படி இருக்க வேண்டும் என்று குழுவை நடத்தும் மேடம் யோசிக்கிறார். கம்ப்யூட்டரில் படம் போடுகிறவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். வாயைத் திறந்தால் அதுதான் வரும். தச்சர் அதை மரத்தில் செய்கிறார். மெத்தைக்காரம்மா மெத்தை தைக்கிறார். நான் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். பட்டறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அவரவர் வேலை அதில் இருக்கிறது. கடைசி வரி: 'அமர்ந்து பார்ப்பவர்.' அது நான். யாரும் படித்துக் காட்டவில்லை. நானே படித்தேன்!

இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறினால் என்ன, அதுவும் டீதான்.

மார்ச் 4, புதன்

மாலை வகுப்பு ஆசிரியை, "தினம் நாலு வரி எழுதுங்க, யாருக்கும் காட்ட வேண்டாம்" என்றார். காட்டுவதற்கு இங்கே யார் இருக்கிறார்கள்?

மகளுக்குப் பிரசவம் என்று மனைவி மகள் ஊருக்குப் போனாள். அப்போது பிறந்த பேத்தி இப்போது ஓடுகிறாள். போனவள் இன்னும் அங்கேதான். கரண்ட் பில்லிலிருந்து மாத்திரை அட்டை வரை எல்லாவற்றையும் எனக்குப் படித்துச் சொன்னது அவள்தான். அவள் இல்லாமல் ஒரு நாள், ராத்திரி மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் பஸ் நிறுத்தத்தில் தூங்கிவிட்டேன். நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்து எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள். மறுநாளே நூலகத்துக்குக் கீழே எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எனக்கு முன்னால் இந்த வேலைக்கு வந்த ஒரு வயசான அம்மா, எழும்போது தடுமாறி விழப் பார்த்தாராம். அன்றிலிருந்து, உட்கார்ந்து பார்ப்பவர் எழும்போது யாராவது கை கொடுத்தே ஆக வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. தையல் மேசை பக்கத்தில் இருப்பதால் அது மெத்தைக்காரம்மா தலையில் விழுந்தது. அவர் சும்மா கை கொடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு வசனம் உண்டு.

"அண்ணே, உங்க ஸ்டேஷன் வந்துருச்சு, எறங்குங்க."

"அண்ணே, படம் முடிஞ்சுது. வெளக்கு போட்டுட்டாங்க, எந்திரிங்க."

ஊசி குத்திக் குத்தி அவர் விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருக்கிறது. உள்ளங்கை மட்டும் சூடு.

வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்ட பிறகு தோன்றியது: இன்று என்னை ஒரு மனுஷர் தொட்டார். இதற்கு முன்னால் யார், எப்போது? யோசித்துப் பார்த்தேன். முடிவெட்டுகிறவர்.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிறு மத்தியானம் அவள் போன் வரும். இன்றும் வந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"வேலைக்குப் போறேன்."

"இந்த வயசுலயா! என்ன வேலை?"

"உக்கார்ற வேலை."

"அதைத்தான் வீட்டுல சும்மாவே செஞ்சீங்களே. அதுக்கு எந்த மகராசன் காசு குடுக்கிறான்?"

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதையும் சொன்னேன். நிஜமாவா என்று இரண்டு தரம் கேட்டாள். அப்புறம், "ஐயையோ, இனிமே என்னைத் திட்டி எழுதி வெப்பீங்களே" என்றாள். ரொம்ப நேரம் சிரித்தோம். நீ எப்போது வருகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பேத்தி எதையோ தள்ளி உடைத்துவிட்டாள். மனைவி போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 12, வியாழன்

இரண்டு நாற்காலிகள் கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கின்றன. ஒன்றுக்குப் 'பலகை' என்று பெயர் வைத்தேன்; உட்கார்ந்தால் எலும்பு எண்ணலாம். இன்னொன்று 'கிணறு'. மெத்தைக்காரம்மா மூன்று அடுக்கு வைத்துத் தைத்த மெத்தை. உட்கார்ந்தால் ஆள் மெதுவாக உள்ளே இறங்குவான். முழங்கால் மேலே வரும், முகம் கூரையைப் பார்க்கும். ஆஹா! அந்த மெத்தையை அவர் ராத்திரி பகலாக யோசித்துத் தைத்தாராம். ஓரத்தில் ஒரு சுருக்கம்கூடக் கிடையாது. அவர் கைவேலையிலேயே இதுதான் உசத்தி என்று தச்சரே ஒத்துக்கொண்டார், அவர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை.

கிணற்றிலிருந்து என்னைத் தூக்க ஒரு கை போதவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். "ஐலசா! அண்ணே, மீன் பெருசு!"

மார்ச் 13, வெள்ளி

இன்றும் கிணறு. இன்றும் இரண்டு கை.

மார்ச் 17, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும் என்று முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு இதில் எழுதுகிறேன்.

எப்போதும் நான் வாயால் சொல்ல மில்லிமீட்டர் எழுதிக்கொள்வார். இன்று மேடம் பேனாவை என்னிடம் நீட்டி, "ஐயா, நீங்களே எழுதுங்களேன்" என்றார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். வேர்த்துவிட்டது. கிணற்றைப் பற்றி எழுதினேன்:

'உட்காரச் சுகம். எழுந்திருக்கச் சிரமம் இல்லை.'

மில்லிமீட்டர் அதைச் சத்தமாகப் படித்தார். தச்சர் வாயிலிருந்த பென்சிலை எடுத்துவிட்டு, "கையெழுத்து நம்ம மேடத்தோடதைவிட நல்லா இருக்கே" என்றார். மெத்தைக்காரம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு தாளைத் தொட்டுப் பார்த்தார். கிணறுதான் என்று முடிவாகிவிட்டது. குடியிருப்புக்காரர்கள் அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்த்துவிட்டால், அத்தனை அறைக்கும் கிணறு போகும்.

நான் எழுதியதை வைத்து ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். நான் எழுதியதை!

மார்ச் 21, சனி

கிணறு என் வீட்டுக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை வீட்டில் வைத்துப் பழகிப் பார்க்க வேண்டுமாம். பட்டறைக்கு வர வேண்டாமாம். தச்சரும் மில்லிமீட்டரும் மாடிப்படியில் திட்டிக்கொண்டே தூக்கி வந்தார்கள். ஜன்னலை ஒட்டி மேசை, சுவரை ஒட்டிக் கட்டில், நடுவில் கிணறு. அறையே நிறைந்துவிட்டது. டீ போடுகிறேன் என்றேன். நேரமில்லை என்று போய்விட்டார்கள்.

இன்று அதில் உட்காரவில்லை. ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். நாளை அவள் போன் வரும்போது அதில் சாய்ந்துகொண்டு ராஜா மாதிரி பேசலாம்.

மார்ச் 22, ஞாயிறு

சாப்பிட்டுவிட்டுப் போனை மேசையில் சார்ஜில் போட்டேன். போன் வர இன்னும் நேரம் இருந்தது. அதுவரை உட்கார்ந்து பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். சுகமாக இறங்கினேன்.

போன் அடித்தது.

எழப் பார்த்தேன். இடுப்பு வரவில்லை. கைப்பிடியில் ஊன்றினேன், கைப்பிடி குட்டை, ஊன்றிய கை பின்னால் போகிறதே தவிர ஆள் முன்னால் வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? வலது கையை முன்னால் நீட்டினேன். பழக்கத்தில். நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. எதிரே சுவர்.

போன் நின்றது. திரும்ப அடித்தது. நின்றது.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டினார் கீழ்வீட்டுக்காரர். "சார், உங்க வீட்டம்மா எனக்குப் போன் பண்ணாங்க. நீங்க எடுக்கலையாமே. உள்ளதான இருக்கீங்க?"

"இருக்கேன்! வேலையா இருக்கேன்!"

"ஞாயித்துக்கிழமையுமா?"

"ஆமா, அவசர வேலை!"

போய்விட்டார். என்ன மனுஷன்யா நீ, வலிய வந்தவரை இப்படியா அனுப்புவாய்? ஆனால் என்ன சொல்வது? உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. உடைத்துக்கொண்டு வந்தால் என்ன பார்ப்பார்? நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே வேலைக்கு வைத்த ஆள், நாற்காலியிலிருந்து எழ முடியாமல் கிடக்கிறான்.

ஜன்னல் வெயில் கட்டில் மேல் ஏறிச் சுவருக்குப் போகும்வரை அப்படியே இருந்தேன். பிறகு மெல்லச் சரிந்து தரையில் இறங்கி, முழங்காலில் தவழ்ந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தேன். அவளுக்குப் போன் போட்டேன்.

"குளிச்சிட்டு இருந்தேன்."

"வேலையா இருக்கார்னு கீழ்வீட்டுக்காரர் சொன்னாரே?"

"குளிக்கிறது வேலை இல்லையா?"

"உங்களுக்கு அது பெரிய வேலைதான்" என்றாள். சிரிக்க வரவில்லை.

மார்ச் 23, திங்கள்

முழங்கால் வீக்கம். கிணற்றின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

மார்ச் 25, புதன்

என்னையே கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தெரியாதா? மெத்தைக்காரம்மா இரண்டு கையாலும் இழுத்தால்தான் எழுகிறேன் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதைச் சிரமம் என்று ஒரு தரம்கூட நினைத்ததில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் உட்கார்ந்தேனோ என்னவோ.

வெள்ளிக்கிழமை ஒன்றும் சொல்லாமல் இருந்தால், எல்லோருக்கும் சந்தோஷம். அந்த அம்மாவின் மெத்தை அறைக்கு அறை போகும். அங்கே ஒருத்தர் மத்தியானம் சாய்வார். போன் அடிக்கும்.

சொன்னால்? அந்த மெத்தை வேண்டாம் என்றாகிவிடும். அந்த அம்மா மனசு உடையும். இனி செய்கிற நாற்காலியிலிருந்து ஆள் தானாக எழுவான். கை எதற்கு?

சொல்லலாமா என்று எழுதினேன், அடித்துவிட்டேன். மறுபடி எழுதினேன்.

மார்ச் 27, வெள்ளி

குடியிருப்புக்காரர்கள் மத்தியானம் வருவதாக இருந்தது. காலையிலேயே போய்விட்டேன். ஒரு வண்டிக்காரரை மாடியிலிருந்து இறக்கச் சொல்லிக் கிணற்றையும் ஏற்றிக்கொண்டு போனேன். மேடம், "ஐயா, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். வாயால் சொல்ல வரவில்லை. "எல்லாரும் வாங்க" என்று சொல்லிவிட்டுக் கிணற்றில் உட்கார்ந்தேன்.

மெத்தைக்காரம்மா வழக்கம்போல வந்து கையை நீட்டினார். "அண்ணே, லிஃப்ட் ரெடி."

"வேண்டாம்மா. இன்னைக்குக் கை குடுக்காதீங்க."

ஊன்றினேன். அசைந்தேன். முகம் சிவந்திருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் தச்சர் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். எல்லோரும் வேடிக்கை பார்ப்பது போலத் தொடங்கி, வேறு எதையோ பார்ப்பது போல நின்றார்கள்.

"அப்போ இவ்வளவு நாளா?" என்றார் மேடம்.

"இவங்க கையால."

மில்லிமீட்டர் தன் தாள்களைப் புரட்டினார். "எந்திரிக்க ஆகிற நேரத்தை எழுதியிருக்கேன் மேடம். கையை எழுதல."

மேடம் பலகை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நான்தானே கை குடுக்கச் சொன்னேன். தூக்கிவிட ஆள் இருக்கிற இடத்துல வெச்சுப் பாத்துட்டு, யாருமே இல்லாத வீட்டுக்கு அனுப்பப் பாத்திருக்கோம்."

மெத்தைக்காரம்மா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இத்தனை நாளா என் கையை வாங்கிட்டு, இப்ப என் மெத்தையைக் குத்தம் சொல்றீங்களா அண்ணே? அன்னைக்கே சொல்றதுக்கென்ன? சிரமம் இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்களே!"

"தெரியலம்மா" என்றேன். பொய். எப்படிச் சொல்வது? தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும் என்று இருந்தது என்றா?

தச்சர்தான் அக்குளில் கை கொடுத்து, "வாய்யா" என்று தூக்கி நிறுத்தினார். குடியிருப்புக்காரர்களிடம் மேடம் அவகாசம் கேட்டிருக்கிறார்.

ஏப்ரல் 1, புதன்

புது உத்தரவு: இனி யாரும் கை நீட்டக் கூடாது. விழுந்தால் பிடிக்க மட்டும் மில்லிமீட்டர் பின்னால் நிற்கிறார். நான் எழும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

தையல் மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். வெளிச்சத்துக்காக என்றார்கள். எனக்குத் தெரிவது மெத்தைக்காரம்மாவின் முதுகு மட்டும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

தச்சர் கிணற்றின் இருக்கையை உயர்த்தினார். கைப்பிடியை முன்பக்கம் நீட்டினார். மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் பொத்தென்று திரும்ப உட்கார்ந்தேன். முதுகு திரும்பாமலே அந்த அம்மா, "மெத்தை இன்னும் கெட்டியா வேணும்" என்றார். தச்சரிடம்தான் சொன்னார். என்னிடம் இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

முதுகு பேசவில்லை.

ஏப்ரல் 15, புதன்

எழுந்தேன்!

கைப்பிடியின் நுனியைப் பிடித்தேன், காலைப் பின்னுக்கு இழுத்தேன், எழுந்துவிட்டேன். மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். மெத்தை கெட்டிதான், ஆனால் குத்தவில்லை. எந்த இடத்தில் கெட்டி வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்று அந்த அம்மா பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். மில்லிமீட்டர் விசில் அடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள், மெத்தைக்காரம்மாவும்.

நடுவில் நின்றுகொண்டு சிரித்தேன். எல்லோர் கையும் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் என் பக்கம் நீளவில்லை.

பேனாவைக் கொடுத்தார்கள். 'கை வேண்டாம்' என்று எழுதினேன். இரண்டே வார்த்தை. ரொம்ப நேரம் ஆயிற்று.

ஏப்ரல் 24, வெள்ளி

குடியிருப்புக்காரர்கள் சரி சொல்லிவிட்டார்கள். இன்றோடு என் வேலை முடிந்தது. மேடம் புது நாற்காலியில் ஒன்றை எனக்கே கொடுத்தார்.

அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். பள்ளிக்கூட மேசையாம். உட்கார்ந்து பார்க்கச் சின்னப் பிள்ளைகள் வருவார்களாம்.

"நானும் பள்ளிக்கூடத்துப் பையன்தானே. இப்பதான் ரெண்டாம் புத்தகம் முடிச்சிருக்கேன்" என்றேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தச்சர் முதுகில் தட்டினார். வா என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, பாவம்; அந்த மேசைக்குள் என் காலே போகாது.

வாசல் வரை மெத்தைக்காரம்மா வந்தார். "அந்தப் பழைய மெத்தையைப் பிரிக்கல அண்ணே. மனசு வரல. எடுத்துட்டுப் போறீங்களா?"

"வேண்டாம்மா. உக்காந்தா நீங்க வீட்டுக்கு வரணும்."

அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் முதல்தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "வந்தா டீ குடுப்பீங்களா?"

"ஆறிப்போனதுதான் இருக்கும்."

"போங்கண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தையல் மெஷின் சத்தம் தெரு முனை வரை கேட்டது.

ஏப்ரல் 29, புதன்

உட்கார்ந்தேன். எழுந்தேன்.

மே 3, ஞாயிறு

போன் அடித்தது. எழுந்து போய் எடுத்தேன். "என்ன இது, ஒரே அடியில எடுத்துட்டீங்க?" என்றாள். புது நாற்காலியின் மகிமையைச் சொன்னேன். கைப்பிடி, இருக்கை, மெத்தை, ஒன்றுவிடாமல் சொன்னேன். நீ எப்போது வருகிறாய் என்று இந்த வாரம் கேட்டே விடுவது என்று இருந்தேன்.

அதற்குள் அந்தப் பக்கம் சத்தம். "பாட்டி, எந்திரி! ம்ம்ம்... எந்திரி!" பேத்தி முக்குவது இங்கே வரை கேட்டது.

"என்ன நடக்குது அங்க?"

"ஒண்ணுமில்லீங்க. மாப்பிள்ளை புதுசா ஒரு சோபா வாங்கியிருக்காரு. உக்காந்தா எந்திரிக்க முடியல, அப்படி உள்ள போகுது."

"நம்ம நாற்காலி ஒண்ணு அனுப்பச் சொல்லவா? மேடத்துகிட்ட கேட்டா செஞ்சு குடுப்பாங்க. நீ பாட்டுக்குத் தானா எந்திரிக்கலாம்."

அவள் பேத்தியை அந்தப் பக்கம் போகச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேணாங்க" என்றாள்.

"ஏன்?"

"பாப்பா ரெண்டு கையையும் புடிச்சு இழுக்கிறா. அவ இழுத்தா ஒரு தலையணைகூட வராது, நான்தான் எப்படியோ எந்திரிக்கிறேன். ஆனா பாட்டியை நான்தான் தூக்கினேன்னு வீடு பூரா சொல்லிட்டுத் திரியறா. அதுக்காகவே போய் உக்கார்றேன்னு வெச்சுக்கோங்களேன். உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது."

"புரியுது" என்றேன்.

"என்ன புரிஞ்சுது?"

கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டேன். "அந்த சோபாவுல இன்னொரு ஆள் உக்கார எடம் இருக்கா?"

அவள் மூக்கை உறிஞ்சியது கேட்டது. "இருக்கு. ஆனா பாப்பாவால ரெண்டு பேரைத் தூக்க முடியாதுங்க."

"ஒவ்வொருத்தரா தூக்கட்டும். எனக்கு அவசரமில்ல."

"மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூப்பிடறேன்" என்றாள். "இப்பவே."

மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. இருந்தாலும் போனைக் கீழே வைக்க மனசு வரவில்லை. இடது கையில் பிடித்துக்கொண்டே எழுதுகிறேன். தாளை அழுத்திப் பிடிக்கக் கை இல்லாததால், வரியெல்லாம் கோணல்மாணலாகப் போகிறது.